டெட் சி-யின் ‘ஹார்ஷ் செவன்டீஸ் ரியாலிட்டி’: மட்டமான ரெக்கார்டிங்கின் மகத்துவம்

டெட் சி என்ற ராக் குழுவின் ‘ஹார்ஷ் செவன்டீஸ் ரியாலிட்டி’ ஓர் இரட்டை இசைத்தட்டு. முதல் தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே ஒரு தடம்தான், அதாவது ஒரே ஒரு டிராக். பெயர் ‘டிரைவர் யூ.எஃப்.ஓ.’, 22 நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஓடும், அதாவது ஒரு எல்பியின் ஒரு பக்கம் நிம்மதியாகத் தாங்கும் நீளம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவையும் அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. பாட்டு என்றால் நாம் எதிர்பார்ப்பது எதுவும் அதில் இல்லை. பல்லவி கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு தாளம் கிடையாது, இங்கேதான் தொடங்கியது என்று கைகாட்டவும் ஓர் இடம் கிடையாது. கிட்டார்கள் உறுமுகின்றன, உரசுகின்றன, கிறீச்சிடுகின்றன, கொஞ்சம் அடங்கி மறுபடி எழுகின்றன. டிரம்ஸ் இருக்கிறதா இல்லையா என்றே சில நேரம் சந்தேகம் வரும். ஒரு இசைக்குழுவை நாலு பேருக்குத் தெரியவைக்க வேண்டும் என்று நினைக்கும் எவரும் இதை முதல் பக்கத்தில் வைக்க மாட்டார். டெட் சி வைத்தார்கள். 1992இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சில்ட்பிரீஸ் என்ற சின்ன லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், அதை வெளியிட்டது. எனக்கு மிகப் பிடித்த ராக் ஆல்பம் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் நான் சொல்வது இதைத்தான். ஏன் என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்ல வராது, அதனால் இங்கே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

குழு அமெரிக்காவைச் சேர்ந்ததல்ல. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், அதிலும் தெற்கே, டன்னிடின் என்று ஒரு ஊர். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகமான ஒட்டாகோ பல்கலைக்கழகம் (1869) அங்கேதான் இருக்கிறது, எனவே மாணவர்கள் அதிகம், மலிவான பழைய வீடுகள் அதிகம், குளிரும் அதிகம். அங்கிருந்து துறைமுகக் கால்வாயை ஒட்டியே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் போர்ட் சால்மர்ஸ் என்ற குட்டித் துறைமுக ஊர். 1882இல் நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்கு உறைய வைத்த இறைச்சியை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் கிளம்பியது இங்கிருந்து. 1910இல் பிரிட்டிஷ் ஆய்வுப்பயணி ஸ்காட்டின் அண்டார்டிகா பயணக் கப்பல் கடைசியாகக் கரையை விட்டதும் இங்கிருந்துதான். அதற்கு அப்பால் பனிதான். 1980களின் கடைசியில் இந்த ஊரில் வாடகை குறைவு என்பதால் ஓவியர்களும் இசைக்காரர்களும் வந்து குடியேறினார்கள். டெட் சி-யின் கதை இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நடக்கிறது.

டன்னிடின் ஏற்கெனவே பேர் வாங்கிய ஊர்தான். 1981இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் ரோஜர் ஷெப்பர்ட் தொடங்கிய ஃப்ளையிங் நன் லேபிள், டன்னிடின் குழுக்களான தி கிளீன், தி சில்ஸ், தி வெர்லெய்ன்ஸ் போன்றவர்களை வெளியே கொண்டுவந்தது. 1982இல் வந்த ‘டன்னிடின் டபுள்’ என்ற இரட்டைத் தட்டு, கிறிஸ் நாக்ஸ் என்ற பாடகரின் நாலு தட டேப் எந்திரத்தில், அதாவது நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் எந்திரத்தில், பதிவானது. மணி அடிக்கிற மாதிரி கிட்டார், அழகான மெட்டு, கொஞ்சம் சோகம், இதுதான் ‘டன்னிடின் சவுண்ட்’ என்று உலகம் முழுக்கப் பெயர் வந்தது. வசதியான ஸ்டுடியோ இல்லாமலே, கையில் கிடைத்த எந்திரத்தை வைத்துக்கொண்டே நல்ல பாட்டைப் பதிய முடியும் என்று அந்த ஊர் ஆட்கள் அப்போதே தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரைச்சல் இசை வந்தது பிறகு. பழக்கம் முன்பே இருந்தது.

அப்புறம் இரண்டு விஷயம் நடந்தது. ஃப்ளையிங் நன் வளர்ந்து, வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஆக்லாந்துக்கு இடம் மாறியது. வளர்ந்த லேபிளுக்குச் செலவும் வளரும், விற்காத ஆட்களுக்கு இடம் குறையும், அது யாருடைய குற்றமும் இல்லை. இன்னொன்று, 1980களின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் கடைசி இசைத்தட்டு அச்சு ஆலை மூடப்பட்டது. தட்டு போட வேண்டுமானால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஐம்பது பேர், நூறு பேர் மட்டும் வாங்கப்போகும் இசைக்கு அது கட்டுப்படியாகாது. மிஞ்சியது கேசட். வீட்டில் இரண்டு டேப்ரெக்கார்டர் இருந்தால் பிரதி எடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், பத்து பேர் கேட்டால் பத்து கேசட் போடலாம், ஸ்டாக் என்று ஒன்று தேங்காது.

1988இல் டன்னிடினில் புரூஸ் ரஸ்ஸல் எக்ஸ்பிரஸ்வே என்ற லேபிளைத் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான். லேபிள் என்றால் அலுவலகம், ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு வீடு, தபால் முகவரி, கேசட்டுகள், கையால் தயாரித்த பட்டியல். அலஸ்டர் கால்பிரெய்த், பீட்டர் ஜெஃப்ரீஸ் போன்றவர்களின் இசை அங்கிருந்து வெளியே போனது. ஜெஃப்ரீஸ் 1990இல் அதில் வெளியிட்ட ‘தி லாஸ்ட் கிரேட் சேலஞ்ச் இன் எ டல் வேர்ல்ட்’ என்ற கேசட்டைத் தனியாக ஒரு பதிவில் எழுதும் அளவுக்கு எனக்குப் பிடிக்கும், பியானோவும் வீட்டுச் சத்தமும் சேர்ந்து உள்ளே இறங்கும் ஆல்பம் அது. ஐந்து வருடம் போல நடந்து 1993 வாக்கில் எக்ஸ்பிரஸ்வே நின்றுபோனது. அதற்குள் அமெரிக்காவில், ஐரோப்பாவில், யாரோ ஒரு கடைக்காரர், யாரோ ஒரு பத்திரிகை நடத்துபவர் என்று ஆங்காங்கே ஒருவர் கையில் அந்தக் கேசட்டுகள் போய்ச் சேர்ந்திருந்தன. இணையம் இல்லாத காலத்தில் உலகத்தின் அடிக்கோடியிலிருந்து இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ரஸ்ஸல்தான் டெட் சி-யின் ஒரு கிட்டார்காரர். இன்னொரு கிட்டாரும் குரலும் மைக்கேல் மோர்லி. டிரம்ஸ் ராபி யீட்ஸ். இந்த மூவர்தான் அன்றும் இன்றும், ஆள் மாறவே இல்லை. இந்த மூன்று பேரின் சேர்க்கையைப் புரிந்துகொண்டால் ஆல்பத்தில் பாதி புரிந்த மாதிரி. யீட்ஸ், மெட்டுக்குப் பேர்போன வெர்லெய்ன்ஸ் குழுவில் வாசித்தவர், பாட்டை எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்த கை. மோர்லிக்குள் ஒரு பாடகர் உண்டு, சோம்பலாக இழுத்துப் பாடும், சொல் பாதி விழுங்கப்படும் குரல், அந்தக் குரலுக்கு அடியில் எப்போதும் ஒரு மெட்டு மறைந்திருக்கும். ரஸ்ஸல் கிட்டாரை முறையாகக் கற்றவர் அல்ல, ஸ்வரக்கூட்டு பிடித்து வாசிப்பது அவர் வேலையும் அல்ல. கம்பியும் காந்தமும் ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) சேர்ந்தால் என்னென்ன ஒலி வரும் என்பதே அவருக்குக் கிட்டார். ஒருவர் பாட்டைத் தெரிந்தவர், ஒருவர் பாட்டை முணுமுணுப்பவர், ஒருவர் பாட்டை நம்பாதவர். மூவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள், யாரும் யாரையும் அடக்குவதில்லை. இதே மூவரில் ரஸ்ஸலை எடுத்துவிட்டால் நல்ல ஒரு டன்னிடின் ராக் குழு கிடைக்கும். யீட்ஸை எடுத்துவிட்டால் சுத்தமான இரைச்சல் கிடைக்கும். இரண்டுமே எனக்கு இந்த அளவுக்கு வேண்டியிருக்காது.

முதல் ஆல்பம் ‘டிஆர்503’ 1988இல் ஃப்ளையிங் நன்னில் வந்தது. ‘யூசா கில்ஸ்’ அடுத்த வருடம், அதுவும் ஃப்ளையிங் நன்தான். இந்த இரண்டாவது, புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் எளிது, பாட்டுகள் பாட்டுகளாகவே இருக்கும். பிறகு டாம் லாக்ஸ் வருகிறார். ஃபிலடெல்ஃபியாவில் சில்ட்பிரீஸை நடத்தியவர் அவர். டெட் சி-யின் ‘ஹெலன் செட் திஸ்’ 1990இல் அவரிடமிருந்து வந்தது, பிறகு 1990களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் அவர் வழியாகத்தான். அவர் நியூசிலாந்துக்கே போய்ச் சேர்ந்தபோது, அவர் ஒருவரை மட்டும் எதிரே உட்கார வைத்து மூவரும் வாசித்தார்கள். அந்தப் பதிவிலிருந்துதான் ‘கிளைமா எஸ்ட் மார்’ என்ற தட்டு பிறந்தது. ஒரே ஒரு ரசிகருக்கு நடத்திய கச்சேரி, தட்டாகவும் வந்தது! எனக்கு இது வேடிக்கைக் கதையாகப் படவில்லை. ஒரு ஆள் கேட்டாலும் போதும், ஆனால் அவர் முழுசாகக் கேட்க வேண்டும் என்று இருந்தவர்கள் இவர்கள். அதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, ஒலிக்கு வருவோம். லோ-ஃபை என்றால் மட்டமான ரெக்கார்டிங் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். மட்டம் என்றால் எப்படி மட்டம் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த இசை அதற்குள்தான் நடக்கிறது.

கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, 3.81தான். சாதாரண டேப்ரெக்கார்டரில் அது நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். அதே காலத்துப் பெரிய ஸ்டுடியோவில் 24 தடம் பதியும் டேப்புக்கு 2 அங்குல அகலம், நொடிக்கு 38 அல்லது 76 செ.மீ. வேகம். டேப் அகலமாகவும் வேகமாகவும் இருந்தால் ஒலியைப் பிடித்துவைக்கக் காந்தத்துகள் நிறையக் கிடைக்கும், பின்னணியில் வரும் ‘ஸ்ஸ்’ சத்தம் குறையும், சலங்கை மாதிரியான மெல்லிய உச்சஒலிகளும் தெளிவாகப் பதியும். 1979இல் டாஸ்காம் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டி, கடையில் கிடைக்கும் கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிய வழி செய்தது. அதற்காக டேப்பை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியது, நான்கு தடமும் ஒரே திசையில் ஓடுவதால் கேசட்டைத் திருப்பிப் போடவும் முடியாது. ஆக 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதியலாம். அந்தக் 3.81 மில்லிமீட்டரை நான்காகப் பங்கு போட்டால் ஒரு தடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உலகம் முழுக்க வீட்டிலிருந்தே இசை செய்தவர்களின் ஒரு தலைமுறையே இந்தப் பெட்டியிலும் இது மாதிரியான எந்திரங்களிலும்தான் வளர்ந்தது.

இந்த மெல்லிய டேப்பில் ஒரு ராக் குழுவின் முழுச் சத்தத்தையும் கொட்டினால் என்ன ஆகும்? மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். டேப்ரெக்கார்டரில் பாட்டு பதிந்து வளர்ந்தவர்களுக்கு அந்த முள் தெரியும், சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். காந்தத்துகள் ஓர் அளவுக்கு மேல் வாங்காது. அதற்கு மேல் வரும் ஒலியின் உச்சி தட்டையாகி, உரசலாக மாறும். சின்ன ஒலியும் பெரிய ஒலியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மலிவான டேப்ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கும், சத்தம் குறைந்தால் தூக்கிக் கொடுக்கும், கூடினால் அமுக்கிவிடும். டிரம்ஸில் ஓர் அடி விழுந்தால் கிட்டார் சட்டென்று பின்வாங்கும், அடி அடங்கியதும் மறுபடி பொங்கி வரும். அறையே மூச்சு விடுவது போல இருக்கும். யாரும் வாசிக்காத ஒரு தாளம் அதிலிருந்து பிறக்கும்.

இதைத்தான் நான் மறுபடி மறுபடி சொல்ல விரும்புகிறேன்: டெட் சி-யின் இசையில் டேப் எந்திரம் நான்காவது வாத்தியக்காரர். ‘ஸ்கை’ என்ற தடத்தைக் கேளுங்கள். இந்த ஆல்பத்தில் பாட்டு என்று சட்டென அடையாளம் தெரிவது அதுதான், யீட்ஸின் அடி நேராகப் போகும், மோர்லி பாடுவார், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கிட்டார் எங்கே முடிகிறது, டிரம்ஸின் தட்டுச் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இரண்டும் ஒன்றாகக் கரைந்து ஒரு பெரிய சாம்பல் நிற ஒலியாகி, அதற்கு நடுவிலிருந்து அந்தக் குரல், எதையும் கெஞ்சாமல், கத்தாமல், வந்துகொண்டே இருக்கும். ஒலிப்பதிவு வேலை தெரிந்த நண்பன் ஒருவனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். அவன் முதலில் கேட்டது, “என்னடா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கா?” பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இதைத் தனித்தனி மைக் வச்சு நல்லா ரெக்கார்ட் பண்ணியிருந்தா ஒண்ணுமே இருந்திருக்காதுடா” என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. நல்ல ஸ்டுடியோவில் கிட்டார் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம், குரல் நடுவில் என்று வைத்திருந்தால் கிடைப்பது ஒரு சுமாரான பாட்டு. அந்தக் கரைதல்தான் பாட்டு.

அதனால்தான் “ரெக்கார்டிங் மோசம், ஆனாலும் பாட்டு நல்லா இருக்கு” என்று யாராவது பாராட்டும்போது எனக்கு ஒப்பவில்லை. டன்னிடினின் பழைய கேசட்டுகளில் பலவற்றுக்கு அந்த வாக்கியம் பொருந்தும், தூசியைத் துடைத்துவிட்டால் அடியில் அழகான பாட்டு இருக்கும். இங்கே துடைத்தால் எதுவும் மிஞ்சாது.

ஃபீட்பேக் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிட்டார் கம்பியின் அதிர்வு ஆம்புக்குப் போகிறது, ஸ்பீக்கர் அதைச் சத்தமாக வெளியே விடுகிறது, அந்தச் சத்தம் காற்றில் வந்து அதே கம்பியை மறுபடி அதிர வைக்கிறது, இப்படிச் சுற்றிச் சுற்றி ஊளையாக வளர்கிறது. எந்த ஸ்வரம் ஊளையிடும் என்பதை வாசிப்பவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அறையின் நீள அகலம், ஆம்புக்கும் கிட்டாருக்கும் உள்ள தூரம், உடம்பை எந்தப் பக்கம் திருப்பி நிற்கிறார் என்பது எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். அரை அடி நகர்ந்தால் ஸ்வரம் மாறும். ஆகவே இதை வாசிக்கிறவருக்கு விரல் வேலையைவிடக் காது வேலைதான் அதிகம். ஒலி எங்கே போகிறது என்று கேட்டு, அதற்கேற்ப நகர்ந்து, விட்டுக்கொடுத்து, பிடித்து நிறுத்தி. இரண்டு கிட்டார்கள் இப்படி ஒரே அறையில் ஊளையிடும்போது ஒன்றின் ஒலி மற்றதன் கம்பியையும் அசைக்கும். ‘டிரைவர் யூ.எஃப்.ஓ.’ எனக்குப் பிடிபட்டது இது புரிந்த பிறகுதான். முதல் சில நிமிடங்கள் எல்லாம் ஒரே குவியலாகத் தெரியும். காது பழகப் பழக உள்ளே ஆட்கள் தெரிவார்கள், ஒருவர் ஒரு ஒலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார், மற்றவர் அதைச் சுற்றி வருவார், யாரோ ஒருவர் விலகிப் பேசாமல் இருப்பார், அந்த மௌனமும் கேட்கும். கோபக்காரர்களின் இசை என்று இதைச் சொல்லிவிட முடியாது. மூன்று பேர் ஒருவரை ஒருவர் அத்தனை கவனமாகக் கேட்கிறார்கள்.

இரைச்சல் இசை எல்லாமே இப்படி இருப்பதில்லை. 1975இல் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் வெளியிட்ட ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ நான்கு பக்கமும் ஃபீட்பேக்தான், டிரம்ஸும் கிடையாது குரலும் கிடையாது. அதை நான் மதிக்கிறேன், ஆனால் அதில் யாரும் யாரோடும் வாசிக்கவில்லை, ஒருவர் எந்திரங்களை ஓடவிட்டு அடுக்குகிறார். டெட் சி-யின் சமகாலத்தவர்களில், அமெரிக்காவின் ராயல் டிரக்ஸ் 1990இல் டிராக் சிட்டி லேபிளில் போட்ட ‘ட்வின் இன்ஃபினிட்டிவ்ஸ்’ இதற்கு நெருக்கமான உறவு. அதுவும் இரட்டைத் தட்டு, அதுவும் ராக் இசையைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பது. ஆனால் அது துண்டு துண்டாக, ஒட்டு ஒட்டாக இருக்கும், இரண்டு பேர் ஒரு அறையில் பொருட்களைக் கலைத்துப் போடுகிற உணர்வு. டெட் சி-யில் துண்டே கிடையாது, எல்லாம் ஒரே ஓட்டம்.

இதற்கெல்லாம் பிறகு லோ-ஃபை என்பது ஒரு பாணியாகவே மாறிப்போனது. சில்ட்பிரீஸே 2000களின் நடுவில் மறுபடி சுறுசுறுப்பாகி, ஒஹையோவின் டைம்ஸ் நியூ வைக்கிங் குழுவின் முதல் ஆல்பத்தை 2005இல் வெளியிட்டது, அதைத் தொடர்ந்து சிவப்பு மீட்டரில் பதிந்த பாட்டுகள் ஒரு அலையாக வந்தன. அவற்றில் நல்லவை உண்டு. ஆனால் கணினியில் சுத்தமாகப் பதிந்துவிட்டு, பிறகு மென்பொருளில் டேப் சத்தத்தை மேலே தூவுகிற பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. டேப் அங்கே வாத்தியக்காரர் இல்லை, அலங்காரம். வாசிக்கும் நேரத்தில் அந்த எந்திரம் அறையில் இருந்து, எவ்வளவு தாங்கும், எங்கே உடையும் என்று வாசிப்பவர்களும் அறிந்து அதோடு சேர்ந்து வாசித்திருந்தால்தான் இந்த ஒலி வரும். பின்னால் சேர்க்க முடியாத ஒன்று அது.

ஆல்பத்தின் மற்ற தடங்களைப் பற்றித் தனித்தனியாக எழுதப்போவதில்லை. ‘சீ இஸ் வயலட்’, ‘கான்ஸ்டலேஷன்’, இரண்டு பகுதியாக வரும் ‘டி இஸ் நெவர் ஓவர்’ எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கேட்க வேண்டியவை. ஒன்று மட்டும் சொல்கிறேன், சிடியில் வந்தபோது நீளம் கருதிச் சில தடங்களை விட்டுவிட்டார்கள், அதனால் எல்பியின் முழு வரிசை கிடைத்தால் அதைக் கேளுங்கள். நீளமான குழப்பத்துக்குப் பிறகு குட்டியாக ஒரு பாட்டு, மறுபடி ஒரு சரிவு என்று அந்த வரிசைக்கு ஒரு நடை உண்டு, முதல் பக்கத்தின் 22 நிமிடத்தை உட்கார்ந்து கேட்டவருக்கு இரண்டாம் பக்கம் தொடங்கும்போது கிடைக்கும் ஆறுதல், நேராக அங்கே தாவியவருக்குக் கிடைக்காது. ‘ஹோப்’ என்ற தடத்தில் ஆல்பம் முடியும். களைத்துப்போன குரல், மெதுவான நடை. அந்தப் பெயரை மூவரும் முழு மனதோடுதான் வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். அவ்வளவு இரைச்சலைத் தாண்டி வந்த பிறகு அந்தப் பாட்டில் ஒரு கனிவு இருக்கிறது, முதல் தடத்தைக் கேட்டபோது இந்த ஆட்களிடம் இது இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

எப்படிக் கேட்பது என்று கேட்பவர்களுக்கு. ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், தயவுசெய்து. அடியில் ஓடும் உறுமல் ஒன்றுகூட அதில் வராது, மேலே உள்ள உரசல் மட்டும் கேட்டு எரிச்சல்தான் மிஞ்சும். அதே மாதிரி தரம் குறைந்த எம்பி3யும் வேண்டாம். இது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும், ஏற்கெனவே மட்டமாகப் பதிந்ததுதானே, எம்பி3யில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று. நிறையக் கெடும். எம்பி3 கோப்பைச் சுருக்கும் முறையே, ஒரு பெரிய ஒலிக்கு அடியில் மறைந்து காதுக்கு எட்டாது என்று கணிக்கும் சின்ன ஒலிகளை எடுத்து வீசுவதுதான். புல்லாங்குழல் தனியாக ஒலித்தால் அதைச் சுருக்குவது எளிது. எல்லா அலைவரிசையும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்கும் இரைச்சலைச் சுருக்குவதுதான் மிகக் கடினம், அங்கேதான் அந்தத் தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற குளறல் வரும். இந்த ஆல்பத்திலோ, பெரிய ஒலிக்கு அடியில் மறைந்திருப்பதுதான் முக்கியமான இசை. ஆக, சுத்தமான பாட்டுக்குத் தேவைப்படுவதைவிட இதற்கு நல்ல கோப்பும் நல்ல ஸ்பீக்கரும் தேவை. சத்தத்தை ஓரளவு கூட்டி வைத்து, அறையில் நடந்துகொண்டே கேட்டுப் பாருங்கள். நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு கிட்டார் மேலே வரும். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் முதல் தடவை சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், காது முக்கியம்.

முதல் தடத்தில் திணறினால் ‘யூசா கில்ஸ்’ கேட்டுவிட்டு வரலாம், அதில் ஒரு குரலும் ஒரு மெட்டும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இதைக் கேட்டுப் பிடித்துப்போனவர்கள் அடுத்து 1995இல் வந்த ‘தி ஒயிட் ஹவுஸ்’ பக்கம் போகலாம். மோர்லி ‘கேட்’ என்ற பெயரில் தனியாகச் செய்தவையும், ரஸ்ஸலும் கால்பிரெய்த்தும் சேர்ந்து ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட்’ என்ற பெயரில் செய்தவையும் இருக்கின்றன. பின்னதில் யீட்ஸ் கிடையாது, அதனால் அவர் எவ்வளவு செய்கிறார் என்பது அதைக் கேட்கும்போதுதான் உறைக்கும். மூவரும் இன்னும் நிறுத்தவில்லை. 2020இல் ‘அன்னோன்ஸ்’ என்று ஒரு ஆல்பம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாசித்தவர்கள், எந்திரங்கள் எல்லாம் மாறிவிட்டன, ஆனால் ரஸ்ஸல் ஒரு ஒலியை எடுத்து நிறுத்த, மோர்லி அதற்கு அடியில் முணுமுணுக்க, யீட்ஸ் எப்போது உள்ளே வரலாம் என்று காத்திருப்பது அதிலும் அப்படியே கேட்கிறது. அதைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.